ஆறவிடாத அக்கா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் என் மனைவி மூலமாகத் தெரியவந்தால் இன்னும் கேவலமாகப் போய்விடும். வீட்டுக்கார அக்கா ஆசையாகச் செய்து கொடுத்த பலகாரத்தை நான் உடம்புக்குத் தேய்த்துக் குளித்தேன்.

என் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஒதியம்பட்டில் அவருடைய மாடிப் போர்ஷனுக்கு நாங்கள் குடிபோனபோது, அக்கா குவைத்திலிருந்து வந்து இறங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தெருவுக்கே சோப்புக் கொடுப்பார்கள். சோப்பு, தலைவலித் தைலம், சென்ட் பாட்டில். முதல் வாரம் எலுமிச்சை நிறத்தில் ஒரு சோப்பு கொடுத்தார். அடுத்த வாரம் ரோஸ் நிறத்தில் ஒன்று. அதற்கடுத்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, கன்னங்கரேலென்று சதுரமாக ஒன்றை என் கையில் திணித்தார். என்னவென்று கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தார். முகர்ந்து பார்த்தேன். தேங்காய் வாசனை. கரி கலந்த சோப்புதான் நாகரிகம் என்று டிவியில் காட்டிக்கொண்டிருந்த சமயம் வேறு. ஒரு மனிதன் வேறு என்ன முடிவுக்கு வருவான்?

நுரை வரவில்லை. உசத்தியான சோப்பு, நம் ஊர்த் தண்ணீருக்கு நுரைக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அக்குளில் ஒட்டிக்கொண்டது, உரித்தால்தான் வந்தது. நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். அன்றைக்கு அரியூரில் ஒரு டாக்டரின் முன்னால் உட்கார்ந்து ஆயுளின் நிலையாமையைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காலரிலிருந்து காது வரைக்கும் எறும்பு வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்ததாம். பாலிசி போடவில்லை. எறும்பு மொய்க்கிற மனிதனிடம் யார் போடுவார்?

வீட்டுக்கு வந்தால் சோப்பு டப்பா முழுக்க அதே எறும்பு. என் மனைவி அந்தக் கட்டியை இரண்டாகப் பிட்டு, உள்பக்கம் துளியூண்டு கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பற்றி அவளுக்கு இருந்த சந்தேகமெல்லாம் அந்தப் பார்வையில் உறுதியாகிவிட்டது.

அக்காவிடம் அவளே போய்ச் சொன்னாள். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பார் என்று தயாராக நின்றேன். அவரோ நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, ரொம்பத் தீவிரமாக, ஒட்டியதா என்று என்னிடம் கேட்டார். ஒட்டியது என்றேன்.

"ஆறல தம்பி. ஆறவுடாம வெட்டிட்டேன். ஆறியிருந்தா ஒட்டாது" என்றார். அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் தண்ணீர் மோட்டார் போடப் போய்விட்டார்.

அக்கா முழுசாக இவ்வளவுதான். மீதியெல்லாம் நான் வளவளப்பது.

அவரால் எதையும் ஆறவிட முடியாது. காபியை ஆறவிட மாட்டார். நாக்கு எப்போதும் பொத்துப்போய்த்தான் இருக்கும். போன் போட்டால் எதிராளி எடுக்கும்வரை காத்திருக்க மாட்டார். இரண்டு தடவை மணி அடித்ததும் வைத்துவிட்டு மறுபடி போடுவார். காசை மிச்சம் பிடிக்க மிஸ்டு கால் கொடுக்கிறார் என்று ஊரில் அவருக்குக் கஞ்சப் பட்டம் இருந்தது. சீரியலை வாசற்படியில் நின்றபடி பார்ப்பார், அதுவும் ஒரு கால் வெளியே இருக்கும். சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே சாப்பிடுவார். குழம்பு வேண்டுமென்றால் சமையலறையைக் கடக்கும்போது ஊற்றிக்கொள்வார். மாவு மெஷினில் அவரைக் கண்டால் மெஷின்காரர் மற்றவர்களின் டப்பாவை ஓரம்கட்டிவிட்டு அக்காவுடையதை முதலில் அரைத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார். மரியாதையால் இல்லை. அவர் அங்கே குறுக்கும் நெடுக்கும் நடப்பதைப் பார்த்தால் மெஷின்காரருக்குத் தலை சுற்றுமாம்.

பஸ் விஷயம் தனி. ஸ்டாப்பில் நிற்க முடியாமல், சும்மா நிற்பதற்கு நடக்கலாமே என்று அடுத்த ஸ்டாப்பை நோக்கி நடக்க ஆரம்பிப்பார். இரண்டு ஸ்டாப்புக்கும் நடுவில் பஸ் அவரைத் தாண்டிக்கொண்டு போகும். டிரைவரைக் கண்டபடி திட்டுவார். திட்டிவிட்டு அடுத்த ஸ்டாப்புக்குப் போய்ச் சேர்வார். அங்கேயும் நிற்க முடியாது. இப்படியே வில்லியனூர் வரை நடந்தே வந்து சேர்ந்துவிட்டு, பஸ்ஸே சரியில்லை என்று சொல்லுவார்.

நான் அதற்கு நேர் எதிர். காத்திருப்பதுதான் என் தொழில். நாளைக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்னவர்கள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் என் இளமையையே கழித்திருக்கிறேன். என்னைப் போல அசையாமல் உட்கார இந்தப் பகுதியிலேயே ஆள் கிடையாது என்று பெருமையடித்துக்கொள்வேன். வேறு எதையும் வைத்துப் பெருமையடிக்க முடியாத நிலைமை என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்ட அக்கா, உலகத்தில் இருக்கிற பலகாரங்களில் எதைப் பிடித்தார் என்று பாருங்கள். குவைத்தில் அவர் சமையல் வேலை செய்த வீட்டில் கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரப் பெண் செய்வாளாம். பிபிங்கா என்று பெயர். அரிசி மாவு, கெட்டித் தேங்காய்ப்பால், முட்டை, நெய், வெல்லம். தகர டிரேயில் வாழையிலை விரித்து ஊற்றி ஓவனில் வைக்க வேண்டும். கடித்தால் பல்லோடு இழுபட்டு, அல்வாவா கேக்கா என்று யோசிக்க வைத்துவிட்டு, தேங்காய் வாசனையோடு தொண்டையில் இறங்கும். அல்லது அப்படி இறங்கும் என்று அக்கா சொல்லுவார். ஏனென்றால் அதற்கு இரண்டே விதிகள். வேகும்போது ஓவன் கதவைத் திறக்கக் கூடாது, நடுவில் அமுங்கிவிடும். வெந்தபின் நன்றாக ஆறும்வரை வெட்டக் கூடாது, பிசினாகிவிடும். இந்த இரண்டையும் அக்கா ஒரு முறைகூடக் கடைப்பிடித்ததில்லை. அதனால் சரியாக வந்த பிபிங்கா எப்படி இருக்கும் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

மாவிலேயே அவருக்குப் பாடு. அங்கே ஒட்டும் அரிசி மாவு வெள்ளையாகப் பாக்கெட்டில் கிடைக்கும். இங்கே ரேஷன் அரிசியை அரைத்துப் போட்டார், செங்கல் வந்தது. இடியாப்ப மாவில் போட்டார். ஆற்று மணல் வந்தது. கடைசியில் பாகூரில் அவருடைய நாத்தனார் வீட்டு நிலத்தில் ஒரு மூலையில் போட்டிருந்த கருப்புக் கவுனி அரிசி கைகொடுத்தது. நன்றாக ஊறவைத்து, நிழலில் உலர்த்தி அரைத்தால் ஒட்டுகிற மாவு அதுதான். ஆனால் கேக் கரியாக வரும். வெள்ளை மாவு என்றால் மேலே சிவந்துவிட்டதா என்று கண்ணாடி வழியாகவே பார்த்துவிடலாம். கரியில் எதைப் பார்ப்பது? எனவே அக்கா கதவைத் திறப்பார், ஆள்காட்டி விரலை நடுவில் குத்துவார், சுட்டதும் விரலை வாயில் வைத்துக்கொள்வார், கதவை மூடுவார், கொல்லை வரை நடந்துவிட்டு வந்து மறுபடி திறப்பார். வெளியே வரும்போது நடுவில் ஒரு குழி இருக்கும். அதற்கு என் மனைவி கிணறு என்று பெயர் வைத்திருந்தாள். கிணற்றுத் துண்டு எப்போதும் எனக்குத்தான் வரும். சோப்புக்காரன் எதையும் குறை சொல்ல மாட்டான் என்ற நம்பிக்கை.

இதையெல்லாம் அவர் ஞாயிற்றுக்கிழமைதான் செய்வார். ஞாயிற்றுக்கிழமைதான் அவருடைய மகள் வருவாள்.

கணவர் போனபின், பேச்சு வந்தும் வராத அந்தப் பிள்ளையை நாத்தனாரிடம் பாகூரில் விட்டுவிட்டுத்தான் அக்கா விமானம் ஏறினார். திரும்பி வந்தபோது பிள்ளை அரியூரில் நர்சிங் படிக்கிற பெண்ணாக நின்றாள். ஒதியம்பட்டிலிருந்து அரியூர் கூப்பிடு தூரம். இருந்தாலும் அவள் தினமும் பாகூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் வந்தாள். அக்கா கீழ்வீட்டின் முன்னறையை அவளுக்கென்று வெள்ளையடித்து, கட்டில் வாங்கிப் போட்டிருந்தார். மெத்தையின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. ஒரு ராத்திரி தங்கினாளானால் பிரிக்கலாம் என்றிருந்தார். அவள் தங்கவில்லை. வா என்று கூப்பிட அக்காவுக்கு வாய் வரவில்லை. வளர்த்தவளிடமிருந்து பிடுங்குகிற மாதிரி ஆகிவிடுமே என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த நாத்தனாரும் லேசுப்பட்டவர் இல்லை, நல்லவர். ஞாயிறு தவறாமல் கவுனி மாவை அரைத்து, பையில் கட்டி, பெண்ணிடம் கொடுத்து அனுப்பிவிடுவார்.

பெண் வந்து பையை வைத்துவிட்டு ஹாலில் நாற்காலியில் உட்காருவாள். அந்த உட்காருதலைப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் போல, மடியில் கையை வைத்துக்கொண்டு, அசையாமல். அக்கா அவளைச் சுற்றிச் சுற்றி வருவார். ஃபேனைக் கூட்டுவார், குறைப்பார், ஜன்னலைத் திறப்பார், தண்ணீர் கொண்டுவந்து வைப்பார், வைத்ததை எடுத்துப்போய் வேறு தண்ணீர் கொண்டுவருவார். அவர் எவ்வளவுக்கு எவ்வளவு சுற்றினாரோ அவ்வளவுக்கு அவ்வளவு அந்தப் பெண் கல்லாக இருந்தாள். பாகூர் ஏரியையும் எங்கள் கடலையும் ஒரே ஹாலில் விட்ட மாதிரி இருக்கும். அத்தையைப் பற்றிப் பேசும்போது 'அது சொல்லும், அது திட்டும்' என்பவள், பெற்றவளிடம் 'சரிங்க', 'வேணாங்க' என்பாள். நான் என் தரப்பில் இரண்டு மூன்று ஜோக் சொல்லிப் பார்த்தேன். என்னைப் பரிசோதனைக்கு வந்த நோயாளியைப் போலப் பார்த்தாள்.

நாலு மணிக்கு ஏம்பலம் வழியாகப் பாகூர் போகும் பஸ்ஸில் ஏறிவிடுவாள். அதை விட்டால் அன்றைக்கு வேறு பஸ் கிடையாது.

ஒரு ஞாயிறு, அவள் போனபின், அக்கா மாடிக்கு வந்து கிணற்றுத் துண்டை என் கையில் வைத்தார். அன்றைக்கும் பிசின்தான். வாய் ஒட்டிக்கொண்டதில் நான் பேச முடியாமல் இருந்ததைச் சாக்காக வைத்துக்கொண்டு அவர் பேசினார். மாடிச் சுவரோரம் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டே.

"ஏன் தம்பி இத்தயே போட்டு மாரடிக்கறேன்னு நெனைக்கற? கேசரி கிண்டனா பத்து நிமிசத்துல துன்னுட்டு எழுந்து பூடுவா. இது வெந்து, ஆறி, வெட்டறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும். பஸ்ஸு பூடும்ல?"

நான் வாயிலிருந்ததை விழுங்கினேன்.

"அப்பறம் ஏங்க்கா நீங்களே ஆறதுக்குள்ள வெட்டிடறீங்க?"

அக்கா அன்றைக்குத்தான் கொஞ்சம் நின்றார். "கைய வச்சிகினு சும்மா இருக்க முடியல தம்பி. அவ உக்காந்துகினு கீறா. எனக்கு எதுனா குடுக்கணும் போல இருக்குது" என்றார். அப்புறம் கொடியில் காய்ந்துகொண்டிருந்த எங்கள் துணிகளை, ஈரம் போகாததையும் சேர்த்து, எடுத்து மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. அது வேலை செய்தால் என் மனைவி பயப்படுவாள். ஓவன் கதவை என் பழைய பெல்ட்டால் கட்டிவைக்கலாம் என்றேன். பெல்ட் கருகினால் யார் தின்பது என்றாள். கடிகாரத்தைப் பின்னால் திருப்பி வைக்கலாம் என்றேன். பஸ்ஸை யார் பின்னால் திருப்புவது என்றாள். கடைசியில் நான் கண்டுபிடித்த உபாயம் எளிமையானது. பிபிங்காவை அக்காவிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்றால் அக்காவை வீட்டிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். அடுத்த ஞாயிறு, டிரே உள்ளே போனதும், வில்லியனூர் மாதா கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன், வேண்டுதல் ஏதாவது இருந்தால் முடித்துவிட்டு வரலாம் என்று அக்காவிடம் சொன்னேன். அதற்குள் அது வெந்துவிடும். கோயிலில் இன்னும் கொஞ்சம் உட்கார்த்திவைத்தால் ஆறியும்விடும். அசையாத பெண்ணை அடுப்புக்குக் காவல் வைக்கலாம். அவளைவிட நம்பகமான காவல் எங்கே கிடைக்கும்?

அக்காவுக்கு யோசனை பிடித்தது. பிடித்ததால் உடனே செருப்பை மாட்டிக்கொண்டார், அப்போது சனிக்கிழமை என்பதையும் மறந்து.

ஞாயிறு வந்தது. டிரே உள்ளே போயிற்று. பெண்ணிடம் நானே இன்சூரன்ஸ் நிபந்தனைகளைப் படித்துக் காட்டுகிற குரலில் விளக்கினேன்: ஓவனில் மணி அடிக்கும்வரை கதவைத் திறக்கக் கூடாது, அடித்தபின் வெளியே எடுத்து வைத்துவிட்டுத் தொடக் கூடாது. தலையாட்டினாள். சரிங்க என்றாள். அக்கா வாசலிலிருந்து மூன்று தடவை திரும்பி உள்ளே போய், ஒன்றுமில்லாமல் வெளியே வந்தார். ஓவனைப் பார்க்கப் போனாரா பெண்ணைப் பார்க்கப் போனாரா என்று எனக்குத் தெரியவில்லை.

பின்சீட்டில் அக்காவை ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டுவது ஒரு கோழியை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவது போல. வேகத்தடை வந்தால் இறங்கி நடந்துவிடுவார். நான் தாண்டிப் போய் நின்று ஏற்றிக்கொள்ள வேண்டும். கோயிலில் மெழுகுத்திரி ஏற்றினார். காற்றில் அணைந்துவிடுமோ என்று நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்தார். குளத்துப் பக்கம் உட்காரலாமா என்றேன். "உக்காந்து?" என்று கேட்டார். கடலை வாங்கிக் கொடுத்தேன்; நடந்துகொண்டே தின்று முடித்தார். அவள் இந்நேரம் என்ன பண்ணுவாள் என்று கேட்டார். உட்கார்ந்திருப்பாள் என்றேன். ஆமாம், உட்கார்ந்துதான் இருப்பாள் என்றார். அதைச் சொன்னபோது அவர் முகம் இருந்த விதத்தில், நான் செய்துகொண்டிருப்பது அப்படியொன்றும் புத்திசாலித்தனமில்லை என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆற ஆற அவள் உட்கார்ந்திருப்பாள். ஆறியபின் அழகாக வெட்டிக் கொடுத்தால் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, நல்லா இருந்துதுங்க என்று சொல்லிவிட்டுப் போவாள். பலகாரம் மட்டும்தான் சரியாக வந்திருக்கும்.

நேரத்தைக் கடத்தலாம் என்று பெட்ரோல் பங்க் கியூவில் வண்டியை விட்டேன். வண்டிக்கு அன்றைக்குப் பெட்ரோலே தேவையில்லை. மூடியைத் திறந்துகொண்டு திரும்பிப் பார்த்தால் பின்சீட் காலி. ஒதியம்பட்டு ரோட்டில் தூரத்தில் அக்காவின் சேலைத் தலைப்பு பறந்துகொண்டிருந்தது. நான் வண்டியைக் கிளப்பி நெருங்கியபோது ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறியிருந்தார். ஆட்டோவைத் துரத்திக்கொண்டு போனேன். நடுவில் ஒரு நிறுத்தத்தில் ஆட்டோ ஆள் ஏற்ற நின்றது. நிற்பது பொறுக்காமல் அவர் இறங்கி நடக்க, அங்கே பிடித்து மறுபடி ஏற்றிக்கொண்டேன். மணி அடிக்க நிறைய நேரம் இருந்தது. எல்லாம் பாழ் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் ஹாலில் நாற்காலி காலியாக இருந்தது.

சமையலறையில் அந்தப் பெண் ஓவனுக்கு முன்னால் குந்தியிருந்தாள். துப்பட்டாவை இடுப்பில் செருகியிருந்தாள். ஓவன் கதவு ஆவென்று திறந்திருந்தது. டிரேயின் நடுவில் ஒரு குழி. ஒன்று இல்லை, இரண்டு மூன்று. ஆள்காட்டி விரலை வாயில் வைத்திருந்தாள்.

நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். மணி அடிக்கும்வரை என்று சொன்னேனே என்று ஆரம்பித்தேன். அக்கா என் முழங்கையைக் கிள்ளினார். இன்னும் தழும்பு இருக்கிறது.

"எத்தினி வாட்டி தொறந்த?" என்று அக்கா கேட்டார். குரலில் கோபமில்லை. ஏதோ தொலைந்துபோன சாவி கிடைத்ததா என்று கேட்பது போல இருந்தது.

அவள் திரும்பவில்லை. "எண்ணிக்கினா தொறப்பாங்க? உள்ள இன்னா ஆவுதுன்னே தெரியல. கருப்பா கீது." பிறகு திரும்பினாள். "ஏன், நீ மட்டும்தான் தொறக்கணுமா?"

அக்கா சமையலறை வாசற்படியில், கதவு நிலையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். மூன்று வருஷமாக அந்த வீட்டில் குடியிருக்கிறேன். அவர் முழங்கால் மடங்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"அத்த வூட்லயும் இப்டிதான் பண்ணுவியா?"

"அங்க என்னைய அடுப்பாண்டயே வுடாது. இட்லி குண்டானத் தொறந்து தொறந்து ஆவிய வுட்டுர்றேன்னு அடிக்க வரும்." விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். "இங்க வரப்பவும் அதான் சொல்லி அனுப்பும். போற எடத்துல எத்தயும் நோண்டாத, கைய மடியில வச்சிகினு மரியாதியா உக்காருன்னு."

ஞாயிறு ஞாயிறாக நாங்கள் பார்த்தது பாகூர் அத்தையின் உத்தரவை. அதை ஏரி என்றும் கல் என்றும் வர்ணித்த என் உவமைத் திறமையை நீங்களே மெச்சிக்கொள்ளுங்கள்.

அக்கா சிரித்தார் என்று எழுதத்தான் ஆசை. சிரிக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கதவை மூடினாள். ஸ்விட்சைத் தொட்டாள். ஜன்னல் வரை போனாள். வந்து மறுபடி திறந்தாள்.

"தொற, தொற. குத்திப் பாரு, ஓரத்துல" என்றார் அக்கா.

மணி அடிப்பதற்கு முன்பே அதை வெளியே எடுத்துவிட்டார்கள். ஆறவைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. வெட்டவும் வரவில்லை, ஆளுக்கொரு ஸ்பூனைப் போட்டு டிரேயிலிருந்தே தோண்டித் தின்றோம். ஓரம் ரப்பர், நடுவில் கூழ், வாழையிலை கருகிய வாசனை. அக்கா செய்தவற்றையெல்லாம்விட மோசம். அதை நான் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்பூனை மறுபடி டிரேயில் விட்டேன்.

பையில் இன்னும் மாவு மிச்சமிருந்தது. பெண் கேட்காமலே பாத்திரத்தை எடுத்தாள். தேங்காயை உடைத்தது, துருவியது, மிக்ஸியில் அடித்துப் பிழிந்தது எல்லாம் அவள்தான். ஒவ்வொன்றுக்கும் நடுவில் வாசல்வரை ஒரு நடை. உப்பு எங்கே என்று கேட்பாள். அக்கா சொல்வதற்குள் நாலு டப்பாவைத் திறந்து மூடியிருப்பாள். தேங்காய்ப்பால் இன்னும் கெட்டியாக வேண்டும், முட்டையை ஒவ்வொன்றாக ஊற்று, நெய்யை முதலில் உருக்கு என்று அக்கா படியில் உட்கார்ந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவே இல்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்டதற்கு, இருக்கட்டும் தம்பி என்று கையை மட்டும் ஆட்டினார்.

எனக்கு அதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருந்த ஃபேன் திடீரென்று நின்றுவிட்டால் காது அடைக்குமே, அப்படி. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்தேன். ஜன்னலுக்குப் போனேன். கடிகாரத்தைப் பார்த்தேன். அக்காவுக்குச் சாதகமாகப் போய்க்கொண்டிருக்கிற ஒரு விஷயத்தைக் கெடுக்காமல் மாடிக்குப் போய்விட வேண்டும் என்று தெரிந்தது. கால் போகவில்லை. மெயின் ரோட்டில் நாலு மணி பஸ் ஹாரன் அடித்தது. அந்த டிரைவரின் ஹாரன் எங்கள் தெருவுக்கே தெரியும். அக்காவுக்கும் கேட்டிருக்கும். அவர் மடியில் இருந்த இரண்டு கைகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. வாயைத் திறக்கவில்லை.

நான் திறந்தேன். இவ்வளவு தூரம் படித்தபின் என்னிடம் வேறு எதை எதிர்பார்ப்பீர்கள்?

"ஏம்மா, பாகூர் பஸ்ஸு பூடும் போல கீதே. கெளம்பலியா? வேணும்னா நானு வண்டியில கொண்டுபோய் ஸ்டாப்புல..."

அவள் மாவிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்:

"உங்களுக்கு இன்னா மாமா அவசரம்?"